கல்யாண மண்டபத்துல காபி பத்தலையா, ஜூஸ் மிஞ்சுதா? என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சு சரி பண்றது எப்படி

கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு கேட்டா எல்லா வீட்டுலயும் கைல ஒரு நம்பர் இருக்கும். பத்திரிகை இவ்ளோ அடிச்சோம், வீட்டுக்கு ரெண்டு மூணு பேர், வெளியூர்க்காரங்கள்ல பாதிப் பேர் வரமாட்டாங்கன்னு கழிச்சு, சமையல் மாஸ்டர்கிட்ட இத்தனை இலைன்னு சொல்லிருவாங்க. சாப்பாட்டுக்கு அது சரிதான், ஒரு ஆளுக்கு ஒரு இலை. ஆனா அதே நம்பரைத் தூக்கி காபிக்கும் தண்ணிக்கும் ஜூஸுக்கும் போட்டா இடிக்கும், ஏன்னா குடிக்கறதுக்கு தலைக்கணக்கு வேலைக்கே ஆகாது, யாரு எத்தனை மணி நேரம் மண்டபத்துல இருக்காங்க, அது விடிகாலையா மத்தியானமாங்கறதுதான் கணக்கு. ரிசப்ஷனுக்கு வந்து மொய் எழுதிட்டு சாப்ட்டுட்டு ஒன்றரை மணி நேரத்துல கெளம்பறவரு ஒரு ஜூஸ், ஒரு தண்ணி பாட்டிலோட முடிச்சிருவாரு. முந்தின நாள் மத்தியானமே வந்து எறங்கின பெரியத்தை குடும்பம் மறுநாள் சாப்பாடு முடியறதுக்குள்ள ஆளுக்கு அஞ்சு காபி குடிச்சிருக்கும், குத்தமும் சொல்ல முடியாது, கல்யாண வீட்டுல அவங்களுக்கு வேற என்ன வேலை.

கீழ எல்லாத்துக்கும் ஒரே உதாரணக் கல்யாணத்தை வச்சுக்கறேன். முந்தின நாள் சாயங்காலம் 6.30க்கு ரிசப்ஷன், 450 பேர். மறுநாள் காலைல 7.30 - 9 முகூர்த்தம், 250 பேர், அதுல 110 பேர் ராத்திரியே மண்டபத்துல தங்கினவங்க. உங்க நம்பரை இதுல மாத்திப் போட்டுக்கங்க.

காலைல 6.30க்கே காபி தீந்து போச்சு

அதிகமா வர்ற பிரச்சனை இதான், ஸ்டோர் பொறுப்புல இருக்கற சித்தப்பாக்கள் திட்டு வாங்கறதும் இதுக்குத்தான். மொதல்ல குப்பைத் தொட்டியை எட்டிப் பாருங்க. கப்பெல்லாம் சுத்தமா காலியா இருந்தா நெஜமாவே பத்தல. பாதிக் காபியோட கிடந்தா கப் பெருசு, இல்ல காபி ஆறிப்போய் வருது, அது அளவுக் கோளாறு இல்ல.

நெஜமாவே பத்தலன்னா காரணம் அனேகமா மூணுதான். ஒண்ணு, தங்கினவங்களை வந்தவங்களோட சேத்து ஆளுக்கு ஒண்ணுன்னு எண்ணியிருப்பீங்க, தங்கினவங்க எந்திரிச்சதும் ஒண்ணு, டிபனுக்கு அப்பறம் ஒண்ணு குடிப்பாங்க, அதுவும் 5 மணிக்கே ஆரம்பிச்சிரும். ரெண்டு, வேலை செய்யறவங்கள விட்டிருப்பீங்க, சமையல் ஆளுங்க, பரிமாறறவங்க, நாதஸ்வரக்காரங்க, போட்டோ வீடியோ, மேடை அலங்காரம், வேன் டிரைவருங்க, இவங்க எல்லாம் சேந்தா ஒரு 25 பேராவது வரும், இவங்க பத்திரிகை லிஸ்ட்ல எங்கயும் இருக்க மாட்டாங்க ஆனா ராத்திரி முழுக்க முழிச்சிருக்கறதே இவங்கதான், ஆளுக்கு மூணு போட்டுக்கங்க. மூணாவது, கப் சைஸ். மாஸ்டர் 100 மில்லி பேப்பர் கப்னு நெனச்சு பால் சொல்லியிருப்பாரு, நீங்க மண்டபத்து ஸ்டீல் டம்ளரை எடுத்து வெளில வச்சிருப்பீங்க, அதுல ஊத்தறவங்க கை தானா 150 மில்லி ஊத்தும். ஒண்ணரை மடங்கு போச்சு.

இப்ப கணக்கைப் பாருங்க. தங்கினவங்க 110 பேருக்கு ரெண்டு, 220. காலைல வர்ற 140 பேருக்கு ஒண்ணு. வேலைக்காரங்க 25 பேருக்கு மூணு, 75. மொத்தம் 435 கப். தலை 250, கப் 435. 100 மில்லி கப்ல 90 மில்லி ஊத்தினா 39 லிட்டர். அதுல முக்கால் பங்குக்கு மேல பால்தான், 31 லிட்டர்னு வைங்க, காய்ச்சறதுல சுண்டறது, பொங்கறது, கடைசில அடி பிடிக்கறதுன்னு பத்துல ஒரு பங்கு சேத்தா 34, 35 வரும். பால் டப் ஒண்ணுக்கு அரை லிட்டர் பாக்கெட் 24 இருக்கும், 12 லிட்டர். அப்ப 3 டப். இது காலை காபிக்கு மட்டும், முந்தின நாள் சாயங்காலம் 4 மணி காபி, பாயசத்துக்குப் பால், உறை குத்தற பால் எல்லாம் தனி, இதுல கை வைக்க விடாதீங்க. சமையல்கட்டுல யாராவது பாயசத்துக்கு கொஞ்சம்னு எடுத்துட்டுப் போயிருவாங்க, அந்தக் கொஞ்சம் ஒரு டப் அளவு இருக்கும்.

பொடிக்கு வந்தீங்கன்னா, ஃபில்டர் காபி கொஞ்சம் ஸ்ட்ராங்கா வேணும்னா கிலோவுக்கு 100 கப், சிக்கரி கலந்தது ஆச்சு போச்சுன்னா 120. டீத்தூள் ஒரு கிலோ 300 கப் தாண்டும். 435ல காபி 260, டீ 130, மீதி வெறும் பால், ஹார்லிக்ஸ்னு பிரிச்சா காபிப் பொடி இரண்டரை கிலோ, டீத்தூள் அரை கிலோ போதும். இந்தப் பிரிப்பு ஊருக்கு ஊர் மாறும், டீ குடிக்கிற ஊரா காபி குடிக்கிற ஊரான்னு உங்களுக்கே தெரியும். சக்கரை 100 கப்புக்கு ஒரு கிலோ.

சரி, இப்ப தீந்து போச்சு, ஆளுங்க நிக்கறாங்க, உடனே என்ன பண்றது? பால்ல தண்ணி ஊத்தி நீட்டாதீங்க, அந்தக் காபியைத்தான் பத்து வருஷம் கழிச்சும் சொல்லிக் காட்டுவாங்க. துணில கட்டி டிகாக்ஷன் எறங்க நேரம் எடுக்கும், அதுவரைக்கும் டீயைப் போடச் சொல்லுங்க, கொதிச்சா ஆச்சு. கூடவே இன்ஸ்டன்ட் காபி ஒரு 200 கிராம் ஸ்டோர்ல இருந்தா கப்புக்கு 2 கிராம் கணக்குல 100 கப் அப்படியே கைல இருக்குன்னு அர்த்தம். தீரலன்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம், கெட்டா போகப்போகுது. பாலுக்கு பூத்துக்காரர்கிட்ட முந்தின நாளே சொல்லி வச்சுட்டா விடிகாலை வண்டில வர்றதுல ஒரு டப் ஒதுக்கி வைப்பாரு, தேவைப்பட்டா மட்டும் எடுக்கறேன்னு பேசிக்கங்க.

காபி இருக்கு, ஆனா கிடைக்கலன்னு எல்லாரும் சொல்றாங்க

டிரம்முல பாதி இருக்கும், வெளில பத்தலன்னு பேச்சு. இது ஸ்டாக் பிரச்சனையே இல்ல, குழாய் பிரச்சனை. ஒரு குழாய்ல ஒருத்தர் புடிச்சுக் குடுத்தா நிமிஷத்துக்கு பத்து கப் போனா பெரிய விஷயம். முதல் பந்தி டிபன் முடிஞ்சு 120 பேர் ஒட்டுக்கா எந்திரிச்சு வந்தா கடைசி ஆளு 12 நிமிஷம் நிக்கணும், நிக்க மாட்டாரு, காபி இல்லன்னு சொல்லிட்டு போயிருவாரு. ரெண்டு எடத்துல வைங்க, ஒண்ணு டைனிங் ஹால் வாசல்ல, இன்னொண்ணு மேல தங்கற ரூம் பக்கம். மாடிக்கு ஒரு டிரம் போயிட்டாலே கீழ கூட்டம் பாதி கொறஞ்சிரும்.

இதே எடத்துல இன்னொண்ணு, சக்கரை. மொத்தமா சக்கரை போட்டு கலக்கி வச்சுட்டா சுகர் இருக்கற பெரியவங்க ஒவ்வொருத்தரா வந்து சமையல்கட்டு வாசல்ல நிப்பாங்க, அவங்களுக்கு தனித்தனியா ஆத்தறதுல ஒரு ஆளோட வேலை போயிரும். அம்பது கப் அளவுக்கு சக்கரை இல்லாம தனி டிரம்முல போட்டு மேல பெருசா எழுதி ஒட்டிருங்க. இன்னிக்கு நெலமைல அது மிஞ்சறதே இல்ல.

பால் திரிஞ்சு போச்சு

அளவு சரியா வாங்கியும் பத்தாம போறதுக்கு இது ஒரு காரணம். பாக்கெட்டை முந்தின நாள் சாயங்காலமே வாங்கி ஐஸ் இல்லாம தரைல அடுக்கி வச்சிருந்தா காலைல காய்ச்சும்போது திரியும். பாத்திரத்துல முந்தின நாள் மோரோ எலுமிச்சையோ ஒட்டியிருந்தாலும் திரியும். நாட்டுச் சக்கரை, வெல்லம் போட்டு காபி கேக்கறது இப்ப பேஷனாயிருச்சு, அதை கொதிக்கற பால்ல கொட்டினாலும் திரியும், டிகாக்ஷன்ல கரைச்சு எறக்கினதுக்கு அப்பறம்தான் பாலோட சேக்கணும். எல்லாப் பாலையும் ஒரே அண்டால ஊத்தாம ஒரு பாக்கெட்டை சின்னப் பாத்திரத்துல காய்ச்சிப் பாத்துட்டு அப்பறம் ஊத்தச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷ வேலை, 12 லிட்டர் தப்பிக்கும்.

காபி தண்ணியா இருக்குன்னு புகார் வந்தா கவர்ல போட்டிருக்கற கொழுப்பு சதவீதத்தைப் பாருங்க. டோன்டு பால்னா 3, ஸ்டேண்டர்டைஸ்டு 4.5, ஃபுல் கிரீம் 6. மூணுல போடற காபி எப்படிப் போட்டாலும் கல்யாணக் காபி மாதிரி இருக்காது. மண்டபத்து போர் தண்ணி உப்பா இருந்தாலும் டிகாக்ஷன் நல்லா எறங்காது, காபிக்கும் டீக்கும் கேன் தண்ணியே குடுத்திருங்க.

வெல்கம் டிரிங்க் 7 மணிக்கே காலி, 8 மணிக்கு வந்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல

வாசல்ல வைக்கற ரோஸ் மில்க், நன்னாரி சர்பத், பன்னீர் சோடா, லெமன் மின்ட், எதுவா இருந்தாலும் கதை ஒண்ணுதான். 6.30ல இருந்து 7க்குள்ள வர்றவங்க கொஞ்சப் பேருதான், ஆனா அந்தக் கொஞ்சப் பேருல புள்ளைங்க ஜாஸ்தி, வீட்டு ஆளுங்களோட புள்ளைங்க, அதுங்களுக்கு வேற வேலை இல்ல, ஆளுக்கு நாலு குடிச்சிருக்கும். கூட்டம் வர்றது 7.15ல இருந்து 8.30க்குள்ள. அதனால மொத்தத்தையும் மொதல்லயே கலக்கி வாசல்ல வச்சிராதீங்க. மூணா பிரிச்சு, மொதல் கால் பங்கு ஆரம்பத்துல, பாதி 7.15க்கு, கடைசி கால் பங்கு 8.30க்கு மேல. இப்படிப் பண்ணா மிஞ்சினாலும் கலக்காத சிரப்பாத்தான் மிஞ்சும், அது மூடி தொறக்காத பாட்டிலா இருந்தா கடைல திருப்பிக்கூட குடுக்கலாம். லெமன் ஜூஸ் கலக்கி ரொம்ப நேரம் வச்சா கசக்கவும் செய்யும், அதுக்காகவும்தான் பிரிச்சுக் கலக்கச் சொல்றேன்.

அளவு: 450 பேர்ல பத்துக்கு ஏழு பேர் எடுப்பாங்க, 315. புள்ளைங்க, ரெண்டாவது வாங்கறவங்களுக்கு 45 சேத்து 360 கப். 120 மில்லி ஊத்தினா 43 லிட்டர். டிசம்பர் ஜனவரி பக்கம்னா இதுலயும் மிஞ்சும், குளிர்ல ஜூஸை யாரும் தொட மாட்டாங்க, பேசாம சூப் போட்டிருங்க. வைகாசில கத்திரி முடியறதுக்கு முன்னாடி கல்யாணம்னா பத்துக்குப் பத்து பேரும் எடுப்பாங்க.

மிஞ்சிப் போச்சுன்னா எடத்தைப் பாருங்க. வாசல்ல வரவேற்பு சந்தனம் பன்னீர் இருக்கற எடத்துக்கு எதிர்ல, திரும்பிப் பாத்தாதான் தெரியும்ங்கற மாதிரி டேபிள் இருந்தா ஆளுங்க தாண்டிப் போயிருவாங்க. ஏசி ஹாலுக்குள்ள ரெண்டு பையனுங்களை தட்டோட அனுப்புங்க, அரை மணில காலியாயிரும்.

தண்ணி பாட்டில் பாதி பாதியா கிடக்கு, ஆனா ஸ்டாக் காலி

இதைப் பாக்கறப்ப வயிறு எரியும். பந்தி எடுத்ததும் இலைக்கு இலை அரை லிட்டர் பாட்டில் முக்கால் தண்ணியோட உருண்டு கிடக்கும். சாப்பிடறப்ப ஒரு ஆளு குடிக்கறது ஒண்ணு ஒண்ணரை டம்ளர். அரை லிட்டர் எதுக்கு? 250, 300 மில்லி சொல்லுங்க. பெட்டில எத்தனை பாட்டில்னு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால பெட்டிக் கணக்குல பேசாம பாட்டில் கணக்குல பேசுங்க. இலைக் கணக்குக்கு மேல பத்துக்கு ஒண்ணு கூட, அது தவிர மேடை, மணமகன் மணமகள் ரூம், கார்ல போறவங்கன்னு ஒரு 40. அப்பறமும் காணாம போச்சுன்னா ஸ்டோர் ரூம் சாவி யாருகிட்ட இருக்குன்னு விசாரிங்க. சாவி ஒரே ஆளுகிட்ட, அதுவும் மேடைல நிக்க வேண்டிய அவசியமில்லாத ஒரு மாமாகிட்ட இருக்கணும், பொண்ணோட அண்ணன்கிட்ட குடுத்தா தாலி கட்டற நேரத்துல பூட்டை ஒடைக்க வேண்டி வரும்.

சின்ன பாட்டில் செலவு ஜாஸ்தின்னு தண்ணி பாக்கெட் போடலாம்னு யாராவது ஐடியா சொன்னா கேக்காதீங்க, தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து அது தடை, பிளாஸ்டிக் கோட்டிங் போட்ட பேப்பர் கப், டேபிள் மேல விரிக்கற பிளாஸ்டிக் ஷீட்டும் அதே லிஸ்ட்ல இருக்கு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மண்டபம் புடிச்சிருந்தா 5 லிட்டருக்குக் கம்மியான பிளாஸ்டிக் பாட்டிலே கூடாது, அங்க டம்ளரும் ஜக்கும்தான். என்னைக் கேட்டா எல்லா ஊருக்குமே டம்ளர் ஜக் நல்லதுதான், பரிமாற ரெண்டு ஆளு கூட வேணும், அவ்ளோதான்.

கேன் தண்ணி நடுராத்திரி தீந்து போச்சு

20 லிட்டர் கேன் ஒண்ணுல 200 மில்லி டம்ளருக்கு 100 வரும். ரிசப்ஷனுக்கு பாட்டில் தவிர ஆளுக்கு ஒரு டம்ளர் ஹால்ல குடிப்பாங்கன்னு வச்சா 90 லிட்டர், சிந்தறது கொட்டறது சேத்து 6 கேன். தங்கற 110 பேருக்கு ராத்திரிக்கு ஆளுக்கு ஒரு லிட்டர், 6 கேன். இதைத்தான் எல்லாரும் மறப்பாங்க, ரிசப்ஷன் முடிஞ்சதோட தண்ணி வேலை முடிஞ்சதுன்னு நெனப்பு, மாத்திரை போடறவங்க எத்தனை பேர் தெரியுமா தங்கறவங்கள்ல. காலைல 250 பேருக்கு ஆளுக்கு அரை லிட்டர், 7 கேன். ஜூஸ் கலக்க, காபி டீக்கு 4. மொத்தம் 23, நீங்க 25 சொல்லுங்க. ஏசி இல்லாத ஹால், மே மாசம்னா 35. கேன்காரர் ராத்திரி 10 மணிக்கு மேல போன் எடுக்க மாட்டாரு, அதனால ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவ எண்ணிப் பாத்து 15 கேனுக்குக் கம்மியா இருந்தா அப்பவே கொண்டுவரச் சொல்லிருங்க. வந்து எறக்கறப்ப சீல் இருக்கா, தேதி போட்டிருக்கான்னும் பாத்துக்கங்க.

கூல்டிரிங்ஸ் எல்லாம் சூடா இருக்கு

ஸ்டாக் இருந்தும் யாரும் தொடலன்னா இதான். 30 டிகிரிக்கு மேல இருக்கற பாட்டிலை 10 டிகிரிக்குக் கொண்டுவர, கணக்குப்படி 1 கிலோ ஐஸ் 4 லிட்டருக்கு வரும், ஆனா மண்டப வெக்கைல பாதி ஐஸ் சும்மாவே உருகி ஓடிரும், அதனால 2 லிட்டருக்கு ஒரு கிலோன்னு வைங்க. 50 லிட்டர்னா 25 கிலோ. வெறும் ஐஸ்ல பாட்டிலை நட்டு வைக்காம கொஞ்சம் தண்ணியும் ஊத்துங்க, பாட்டிலைச் சுத்தி தண்ணி நின்னாதான் சீக்கிரம் குளிரும். ரெண்டு மணி நேரம் முன்னாடியே போட்டிரணும். ஐஸ் பாரை ஒடைச்சு ஜூஸுக்குள்ள போடற வேலை மட்டும் வேணாம், அது மீனுக்கும் போற ஐஸா இருக்கலாம், வெளில குளிர வைக்க மட்டும்தான். உள்ள போடறதுக்கு சாப்பிடற ஐஸ் கட்டின்னு கேட்டு தனியா வாங்குங்க.

ரெண்டேகால் லிட்டர் பெரிய பாட்டில்ல 150 மில்லி கப்புக்கு 15 வரும், 200 மில்லி சின்ன பாட்டில் வாங்கறதை விட மலிவு, ஆனா தொறந்தா கேஸ் போயிரும், அதனால ஒரே நேரத்துல ரெண்டுக்கு மேல தொறக்க விடாதீங்க.

மத்தியானம் மோர் பத்தல

சாதத்துக்கு ஊத்தற மோர் வேற, வாசல்ல பானைல வைக்கற நீர்மோர் வேற, ரெண்டையும் ஒண்ணா எண்ணினா பத்தாது. நீர்மோருக்கு ஒரு லிட்டர் தயிர்ல 4 லிட்டர் வரும், தண்ணியா போதும்னா 5. மத்தியானம் 200 பேர், ஆளுக்கு ஒண்ணரை டம்ளர், 150 மில்லின்னா 45 லிட்டர், தயிர் 11 லிட்டர். வெயில்ல 11 மணிக்கு மேல புளிக்க ஆரம்பிச்சிரும், பாதித் தயிரை ஐஸ்ல வச்சு அப்பப்ப கரைங்க. பத்தலன்னா உடனே பானகம் கரைச்சிருங்க, வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை எல்லாம் மளிகை லிஸ்ட்லயே கிடக்கும்.

எல்லாம் முடிஞ்சு கணக்கு பாக்கறப்ப இடிக்குது

திருப்பி எடுத்துக்கறதா கடைக்காரர் சொன்னதை வாயால சொன்னதோட விடாதீங்க, பில்லுலயே எழுதி வாங்குங்க. ஒடைக்காத பெட்டியைத்தான் எடுப்பாங்க, ஆனா நம்ம ஆளுங்க ஆறு பெட்டியை ஒரே நேரத்துல பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் நாலு பாட்டில் எடுத்திருப்பாங்க, ஒண்ணு முடிஞ்சா அடுத்ததுன்னு பசங்ககிட்ட சொல்லி வைங்க. கேனுக்கு டெபாசிட் குடுத்திருந்தா காலி கேனை எண்ணாம வண்டில ஏத்த விடாதீங்க. எண்ணிக்கை கொறஞ்சா மண்டபச் சாவியை மேனேஜர்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி மணமகள் ரூம், மாடிப்படிக்கு அடில, சமையல்கட்டுக்குப் பின்னாடி பாத்திரம் கழுவற எடம், இந்த மூணையும் ஒரு சுத்து பாத்திருங்க, பெரும்பாலும் கழுவற எடத்துலதான் யாராவது காலி கேனைக் கவுத்துப் போட்டு உக்காந்திருப்பாங்க.